கடலோர மனைப்பிரிவில் வீடு வாங்கப்போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை தாண்டியதும் தொடங்கி மரக்காணம் வரை, அதற்கும் தெற்கே கடலூர், நாகை, தூத்துக்குடி என்று கடலை ஒட்டிய லேஅவுட்களில் மனையோ கட்டிய வீடோ வாங்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. சொல்லியிருப்பது தமிழ்நாட்டு நடைமுறை. புதுச்சேரிக்குப் பத்திரப்பதிவும் திட்ட அனுமதியும் தனி. ஊருக்குள் வீடு வாங்கும்போது பார்க்கும் பொது விஷயங்களைச் சுருக்கமாகவும், கடல் பக்கத்தில் இருப்பதால் மட்டுமே வரும் விஷயங்களை விரிவாகவும் எழுதியிருக்கிறோம்.

டிடிசிபி அங்கீகாரம் இருக்கிறது, ரெரா எண்ணும் இருக்கிறது என்கிறார்கள். அது போதாதா?

போதாது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம் லேஅவுட்டின் சாலை அகலம், மனை அளவு, பூங்கா ஒதுக்கீடு போன்றவற்றைப் பார்த்துக் கொடுப்பது. ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது 8 அலகுகளுக்கு மேல் விற்கிறவர் வாக்குறுதியைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கானது. கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது எல்லாரும் சொல்லும் சிஆர்இசட், 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற மத்திய அரசு அறிவிக்கை. அதற்கு அனுமதி தனி.

அங்கீகார ஆணையின் நகலை வாங்கி, வரைபடத்தை விட்டுவிட்டு, அதோடு வரும் நிபந்தனைப் பக்கத்தை முதலில் படியுங்கள். 'கடலோர மண்டல விதிகளுக்கு உட்பட்டு' என்று ஒரு வரி இருந்தால், அந்தப் பொறுப்பு மனை வாங்குகிறவர் தலையில் வந்து விழும். லேஅவுட்டுக்கு அனுமதி கிடைத்திருக்கும், நீங்கள் வீடு கட்டப் போகும்போது உங்கள் மனைக்கு மட்டும் கிடைக்காது.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். 20.10.2016-க்கு முன் விற்ற அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அப்படி வரன்முறை ஆன மனையாக இருந்தாலும் அது சிஆர்இசட் அனுமதி ஆகிவிடாது.

தடை எத்தனை மீட்டர்? கடல் தண்ணீரிலிருந்து அளக்கலாமா?

அளக்கக் கூடாது. இந்த ஒரு தவறுதான் அதிகம் நடக்கிறது. தரகர் காலால் நடந்து 'பாருங்க, இருநூத்தம்பது மீட்டர் வந்திருச்சு' என்பார். அவர் அளப்பது அன்றைக்கு அலை நின்ற இடத்திலிருந்து. விதி சொல்வது உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது பெரிய ஏற்றத்தின்போது கடல் நீர் எட்டும் எல்லையிலிருந்து. அந்தக் கோடு மணலில் தெரியாது, வரைபடத்தில்தான் இருக்கும். அலை நிற்கும் இடத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே அகலமான மணல்வெளி இருக்கும். அதனால் தரகரின் 250 மீட்டர், வரைபடத்தில் 190 ஆகக்கூட இருக்கலாம்.

உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை சிஆர்இசட். அதற்குள் நான்கு வகை. முதல் வகை அலையாத்திக் காடு, மணற்குன்று, ஆமை முட்டையிடும் இடம் போன்ற நொய்ந்த பகுதிகளும், அலை ஏறி இறங்கும் பகுதியும்: தொடவே வேண்டாம். இரண்டாம் வகை, ஏற்கெனவே வளர்ந்த நகரப் பகுதி: அங்கே ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டும் கட்டலாம். மூன்றாம் வகை, கிராமப் பகுதி: லேஅவுட்கள் பெரும்பாலும் இதில்தான் வரும், சிக்கலும் இதில்தான். நான்காம் வகை தண்ணீர்ப் பரப்பு.

மூன்றாம் வகையில் 2011 அறிவிக்கைப்படி முதல் 200 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி. 200 முதல் 500 வரை, மீனவக் குப்பங்கள் போன்ற பாரம்பரிய உரிமை, வழக்கப் பயன்பாட்டுக்கு உட்பட்டு வீடு கட்டலாம். உயரம் 9 மீட்டர், தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும். வெளியூர்க்காரர் வாரக்கடைசிக்கு வந்து தங்கும் மூன்று மாடி வில்லா இந்த வாக்கியத்துக்குள் எப்படி அடங்கும் என்று விற்பவரிடமே கேளுங்கள்.

கடல் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நமக்கு இதெல்லாம் எதற்கு?

உப்பங்கழியைப் பார்த்தீர்களா? அலை ஏறி இறங்கும் ஆறு, கழிமுகம், ஓடை ஆகியவற்றின் கரைக்கும் சிஆர்இசட் உண்டு. 2011 விதிப்படி 100 மீட்டர் அல்லது அந்த நீர்வழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019 விதியில் 100 என்பது 50 ஆனது. வறண்ட காலத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடம் வரை அலையின் தாக்கம் என்று கணக்கு. முட்டுக்காடு, கோவளம் பக்கம் 'பேக்வாட்டர் வியூ' என்று கூடுதல் விலைக்குப் போகும் மனைகளைத்தான் இந்த விதி முதலில் பிடிக்கும். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய மனைகளுக்கும் இதே சோதனை வேண்டும்.

2011 விதியா, 2019 விதியா? தடை 50 மீட்டர்தான் என்கிறார்களே?

18.1.2019 அறிவிக்கை, கிராமப் பகுதியை இரண்டாகப் பிரித்தது. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் தடைப் பகுதி 50 மீட்டர், மற்ற இடங்களில் பழையபடி 200. ஆனால் அந்தச் சலுகை தானாக வராது. 2019 விதிப்படி திருத்திய கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் அந்த மாவட்டத்துக்கு ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அதுவரை 2011 வரைபடமே செல்லும். 'ரூல் மாறிடுச்சு சார்' என்பவரிடம், ஒப்புதல் பெற்ற வரைபடத் தாளில் அந்த சர்வே எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். வரைவு வரைபடத்தைக் காட்டினால் அது வரைவுதான்.

என் மனை எங்கே விழுகிறது என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் சரியாக வாங்குங்கள். மனை எண் உதவாது. '112/3' என்றால் போதாது, '112/3பி2' வரை வேண்டும். அரசின் இணையச் சேவையில் பட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), புல வரைபடம் (எல்லை அளவுப்படம்) மூன்றையும் எடுத்துவிடலாம்.

பிறகு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் வெளியிட்ட வரைபடத்தில் அந்தக் கிராமத்தைத் தேடுங்கள். மேலாண்மைத் திட்ட வரைபடம் 1:25,000 அளவில் இருக்கும். அதில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர், பென்சில் கோட்டின் தடிமனிலேயே ஒரு மனை மறைந்துவிடும். மனை கோட்டுக்குப் பக்கத்தில் வந்தால் இந்த வரைபடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1:4,000 அளவில், கிராம சர்வே எண்கள் மேலே பொருத்தப்பட்ட வரைபடம் வேண்டும். இதைத் தயாரிக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் சிலவே; சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. கட்டணம் உண்டு, சில வாரமும் ஆகும். வாங்கும் தொகையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

கடைசியாக, மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: 'இந்த உட்பிரிவு எந்த வகையில் வருகிறது, தடைப் பகுதியில் உள்ளதா, இதற்கு முன் அனுமதி வழங்கப்பட்டுள்ளதா?' பதில் தாமதமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதே கேள்வியைப் போடலாம். வாய்மொழிப் பதிலுக்கு மதிப்பில்லை.

சுற்றிலும் பத்துப் பதினைந்து வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். எங்களை மட்டும் என்ன செய்யப் போகிறார்கள்?

கொச்சி அருகே மரடுவில் நான்கு அடுக்குமாடித் தொகுதிகளை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். உள்ளாட்சி அமைப்பு கட்டட அனுமதி கொடுத்திருந்தது. மக்கள் பணம் கொடுத்துப் பத்திரம் பதிந்து குடியேறியும் இருந்தார்கள். கடலோர மண்டல ஆணையத்தின் ஒப்புதல் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. பக்கத்து வீடு நிற்கிறது என்பதற்கு அர்த்தம், அவர் வீட்டுக்கு இன்னும் நோட்டீஸ் வரவில்லை என்பது மட்டும்தான்.

1991-க்கு முன் கட்டிய வீடு என்று சொன்னால் அதற்குச் சான்று கேளுங்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் முதல் சிஆர்இசட் அறிவிக்கை வந்தது. பழைய வீட்டுவரி ரசீது, மின் இணைப்புத் தேதி, கட்டட அனுமதி நகல் இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும். 'பழைய வீட்டை இடித்துப் புதுசா கட்டிக்கலாம்' என்பதும் பெரும்பாலும் பாதி உண்மை. புதுப்பித்தலுக்குப் பழைய தரைப்பரப்பையும் தளப்பரப்பையும் தாண்ட முடியாது.

'பிரைவேட் பீச்' உள்ள லேஅவுட் என்று விளம்பரம் வருகிறது.

அப்படி ஒன்று கிடையாது. கடற்கரைப் புறம்போக்கு அரசு நிலம். வலை காயவைப்பதற்கும் படகு ஏற்றுவதற்கும் குப்பத்து மக்களுக்கு அங்கே வழக்க உரிமை உண்டு. லேஅவுட்காரர் வேலி போட்டிருந்தால் அது ஒரு நாள் பிடுங்கப்படும். கடலுக்குப் போகும் பாதை விற்பவரின் மிச்ச நிலத்தின் வழியாகப் போகிறதா, உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுத்த சாலையா என்று மட்டும் பாருங்கள். விற்பவரின் நிலம் என்றால் கடைசி மனை விற்றதும் கேட் பூட்டப்படும்.

பத்திரத்தில் கடலோரத்துக்கே உரிய சிக்கல் என்னென்ன?

30 ஆண்டு வில்லங்கம், தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்று எல்லாம் எங்கேயும் பார்ப்பவைதான். இங்கே கூடுதலாக அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். கழுவேலி (உவர்ச் சதுப்பு), ஓடை, உப்பளம், மேய்க்கால், கடற்கரைப் புறம்போக்கு என்று எந்தக் காலத்திலாவது இருந்து, பிறகு 'தரிசு' என்று மாறியிருந்தால் எந்த ஆணையால் மாறியது என்று கேளுங்கள். ஆணை எண் இல்லாத மாற்றம் ஆபத்து. சவுக்குத் தோப்பாக இருந்த நிலங்களில் நிபந்தனைப் பட்டா நிலம் கலந்திருக்கும். அரசு ஒப்படை செய்த நிலத்தை ஒப்படை நிபந்தனைக்கு மாறாக விற்றிருந்தால் கிரயம் நிற்காது. பஞ்சமி நிலமும் கோயில் நிலமும் இந்தப் பக்கம் நிறையவே இருக்கின்றன. கோயில் நிலம் 1959 அறநிலையச் சட்டப்படி ஆணையர் அனுமதியில்லாமல் கைமாற முடியாது.

மணலில் எல்லைக்கல் நகரும், புதையும், காணாமல் போகும். கிரயத்துக்கு முன் அரசு சர்வேயரைக் கொண்டு புல வரைபடத்தின்படி அளந்து, நான்கு மூலைக்கும் காங்கிரீட் கல் நட்டுவிடுங்கள். கடல் பக்கத்து வரிசையாக இருந்தால் நில அளவு பத்திரத்தில் சொன்னதைவிடக் குறைந்திருக்கவும் வாய்ப்புண்டு: அலை எடுத்த நிலத்தைப் பத்திரம் திருப்பித் தராது.

மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் தனி விதி உண்டா?

உண்டு. தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி முதல் 100 மீட்டர் தடை, அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். மாமல்லபுரத்தில் சின்னங்கள் ஒன்றிரண்டு அல்ல, அதனால் ஊருக்குள் தப்பிய இடமே குறைவு. கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை மக்கள்தொகை வளர்ச்சிக்குக் கட்டுப்பாடு உண்டு. அங்கே புது லேஅவுட் என்று யாராவது விற்றால் ஒன்றுக்கு இரண்டு முறை விசாரியுங்கள். மாமல்லபுரம் முதல் புதுச்சேரி வரையிலான தேசிய நெடுஞ்சாலை 332ஏ அகலப்படுத்தலில் முன்பக்கம் போகுமா என்பதையும் நிலம் எடுப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரை அரிக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் துறைமுகமோ கல் தடுப்போ வந்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே பட்டினி. சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் கரையில் நடந்ததும் இதேதான். ஆகவே மனைக்கு எதிரே உள்ள கடலைப் பார்த்தால் போதாது. தெற்கே சில கிலோமீட்டரில் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிய கல் தடுப்பு), மீன்பிடித் துறைமுகம், முகத்துவாரச் சுவர் ஏதாவது இருக்கிறதா, வரப்போகிறதா என்று பாருங்கள்.

கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பார்க்கும் வசதி உண்டு. நிலையான ஒரு புள்ளியை, ஒரு கோயிலையோ சாலை முனையையோ எடுத்துக்கொண்டு, அங்கிருந்து மணல் விளிம்பு வரை ஒவ்வொரு ஆண்டும் அளந்து எழுதுங்கள். ஒரே மாதப் படங்களையே ஒப்பிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கரை மெலிந்தும் கோடையில் அகன்றும் இருப்பதால், டிசம்பர் படத்தையும் மே படத்தையும் வைத்துப் பார்த்தால் இல்லாத அரிப்பு இருப்பதாகத் தெரியும்.

கல் கொட்டிய கரைக்கு முன்னால் மனை வாங்காதீர்கள். பாதுகாப்பு இருக்கிறது என்று விற்பார்கள். கல் கொட்டியதற்குக் காரணமே அங்கே கடல் உள்ளே வருவதுதான்.

தண்ணீர் நல்லா இருக்கிறதாம், போர் போட்டிருக்கிறார்களாம்.

எத்தனை அடி என்று கேளுங்கள். ஆழம் அதிகமாக இருந்தால் அது குறைதான். மணலில் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேல்மட்டம் அரை மீட்டர் இறங்கினாலே அடியில் உப்பு 20 மீட்டர் ஏறத் தொடங்கும். ஒரு லேஅவுட்டில் நாற்பது வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு மோட்டார் போட்டு நீச்சல் குளமும் நிரப்பினால் சில ஆண்டிலேயே எல்லார் குழாயிலும் உப்பு வரும். ஒருமுறை உப்பேறிய மணல் மறுபடி இனிக்க நெடுங்காலம் ஆகும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ளூர் மக்களின் சொந்தத் தேவைக்கு அன்றி நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது. 200 முதல் 500 வரை, வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில், சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைக்கத்தான் அனுமதி.

தண்ணீர் சாம்பிளை மே மாதத்தில் எடுங்கள். மழைக்குப் பின் எடுத்தால் எந்தக் கிணறும் நல்ல பேர் வாங்கிவிடும். மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். குடிநீருக்கு மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. குளோரைடு 250, கடைசி வரம்பு 1,000. ஆர்ஓ கருவி வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். குடிக்கவும் சமைக்கவும் சரி, ஆனால் குளியல், துணி, செடி, வீட்டுச் சுவர் எல்லாம் அந்த உப்புத் தண்ணியிலேயே தான் ஓடும்.

கட்டிய வீடு ஒன்று பார்த்தோம். புதுப் பெயிண்ட், பளிச்சென்று இருக்கிறது. எதைச் சோதிப்பது?

புதுப் பெயிண்ட்டைத்தான். உப்புக் காற்றில் உள்ள குளோரைடு காங்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கத் தொடங்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் கம்பி போகும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல் விழும், பிறகு காங்கிரீட் பட்டையாகப் பெயரும். பூச்சில் விழும் வலைப்பின்னல் விரிசலுக்கும் இதற்கும் வித்தியாசம் அந்த நேர்க்கோடுதான்.

ஏணி ஒன்றும் அரைக்கிலோ சுத்தியல் ஒன்றும் கொண்டுபோங்கள். முதலில் கடல் பக்கத்து சன்ஷேடின் அடிப்பகுதி, பிறகு பால்கனியின் அடி, மொட்டைமாடித் தொட்டியின் அடித்தளம், மாடிப்படியின் அடி, போர்டிகோ தூணின் தரையோடு ஒட்டிய ஒரு அடி. மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல காங்கிரீட் 'டிங்' என்று கெட்டியாகப் பேசும், உள்ளே பெயர்ந்தது 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும். தொட்டியின் அடித்தளத்தை யாரும் பெயிண்ட் அடித்து மறைப்பதில்லை. வீட்டின் உண்மை வயது அங்கே தெரியும்.

சந்தேகம் வந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வைத்து மூன்று சோதனை: கம்பிக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் காங்கிரீட் இருக்கிறது என்ற கவர் மீட்டர் அளவு, கம்பி துருப்பிடிக்கிறதா என்று மின்னழுத்தத்தால் காட்டும் அரை மின்கலச் சோதனை, ஆழத்துக்கேற்பக் குளோரைடு அளவு. அரை மின்கலத்தில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் துரு நடந்துகொண்டிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு. சன்ஷேட் மட்டும் பழுது என்றால் விலையில் பேசிக்கொள்ளலாம். தூணும் பீமும் என்றால் மனையின் விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

பில்டர் இனிமேல்தான் கட்டப்போகிறார். என்ன கேட்டு எழுதி வாங்குவது?

காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456-இன்படி கடலோரச் சூழல் 'கடுமையான' வகை. எம் 30 காங்கிரீட் (எண் கூடினால் வலிமை கூடும்), கனமீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட், நீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக் கூடாது, கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர். கடல் திவலை நேராகத் தெறிக்கும் முன்வரிசை என்றால் எம் 35, 340 கிலோ, 50 மில்லிமீட்டர். உப்புக் காற்று நேரே படாத மறைவான உள்பகுதிகளுக்கு எம் 25-உம் 30 மில்லிமீட்டரும் போதும். ஊருக்குள் கட்டிப் பழகிய மேஸ்திரி ஸ்லாபுக்கு 20 மில்லிமீட்டர் கவர் பிளாக்தான் எடுத்து வருவார். கம்பி கட்டி முடித்து, காங்கிரீட் போடுமுன் நீங்களோ உங்கள் பொறியாளரோ டேப் வைத்து அளக்காவிட்டால் ஒப்பந்தத்தில் எழுதியது தாளில்தான் இருக்கும்.

சிமென்ட், ஸ்லாக் (இரும்பாலைக் கசடு) கலந்ததாகவோ பிபிசியாகவோ (சாம்பல் கலந்த சிமென்ட்) இருக்கட்டும், குளோரைடை இவை நன்றாகத் தடுக்கும். ஆனால் நீராட்டல் குறைந்தால் இவற்றுக்குப் பலம் வராது, 10 நாளாவது ஈரமாக வைக்க வேண்டும். கலவைக்கும் நீராட்டலுக்கும் தளத்துப் போர் தண்ணியை விடவே கூடாது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைதான். லாரித் தண்ணீர் செலவு என்று பில்டர் முனகுவார், முனகட்டும். பூச்சு மணலில் சிப்பித் துகள் மின்னுகிறதா என்று கையில் அள்ளிப் பாருங்கள், மின்னினால் அது கடல் மணலாக இருக்கலாம்.

வந்திறங்கிய கம்பி திறந்தவெளியில் இரண்டு மாதம் கிடந்தால் மேல் துருவோடு உப்பும் படிந்திருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, பிரஷ் போட்டுத்தான் கட்ட வேண்டும். எபாக்சி பூசிய கம்பி போட்டால் வளைக்கும்போது பூச்சு உரிந்த இடங்களை அங்கேயே தொட்டு மூட வேண்டும். இல்லையென்றால் உரிந்த புள்ளியில் துரு குவிந்து சாதாரணக் கம்பியைவிடச் சீக்கிரம் அரிக்கும்.

ஜன்னல், கைப்பிடி, ஏசி?

304 ரக ஸ்டெயின்லெஸ் கைப்பிடி ஓராண்டிலேயே டீக்கறை படிந்த மாதிரி ஆகும். 316 ரகம் கேளுங்கள், திருகாணியும் அதே ரகமாக இருக்கட்டும். ஜன்னலுக்கு யுபிவிசி நல்லது, உள்ளே போகும் இரும்புச் சட்டம் துத்தநாகம் பூசியதா என்று பாருங்கள். ஏசி வெளி யூனிட்டைக் கடலுக்கு நேராக மாட்டாமல் வீட்டின் மறைவுப் பக்கம் வைத்து, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவினால் அதன் காயில் (குழாய்ச் சுருள்) கூடுதல் நாள் உழைக்கும்.

புயல் வந்தால்?

2011-இல் தானே, 2016-இல் வர்தா, 2018-இல் கஜா, 2022-இல் மாண்டஸ், 2024-இல் ஃபெஞ்சல் என்று இந்தக் கரைக்கு இடைவெளி அதிகம் விடுவதில்லை. சென்னைப் பகுதிக்கு வடிவமைப்புக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். மொட்டைமாடியில் தகரக் கூரை, பெரிய கண்ணாடிச் சுவர் இருந்தால் அந்தக் கணக்கில் வடிவமைத்ததா என்று கேளுங்கள்.

காற்றைவிட வீட்டைக் கெடுப்பது தண்ணீர். மனையைக் கட்டாயம் நவம்பர், டிசம்பரில் கனமழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். சாலையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். கடலுக்குப் பக்கத்தில் வெள்ளம் நிற்காது என்பது தப்பு. கடலோர மணல்மேடு உயரமாகவும் அதற்கு மேற்கே பள்ளமாகவும் இருக்கும். அந்தப் பள்ளத்தைத்தான் செம்மண் கொட்டி நிரவி லேஅவுட் போடுகிறார்கள். தரைமட்டம் வீட்டு வாசலில் சாலையைவிட 60 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்கட்டும், ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை ஏறிக்கொண்டே வரும்.

செப்டிக் டேங்க்?

நிலத்தடி நீர் நாலைந்து அடியில் நிற்கும் இடத்தில் உறிஞ்சுகுழி உறிஞ்சாது, மழைக்காலத்தில் கழிவறையில் கழிவுநீர் மேலே திரும்பி வரத் தொடங்கும். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும். 2,400 சதுர அடி மனையில் இது நடக்காத காரியம், பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்கு ஆறு மீட்டரில் இருக்கும். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உள்ள லேஅவுட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. அது ஓடுகிறதா என்று மின் கட்டண ரசீதைப் பாருங்கள்.

வங்கி கடன் கொடுக்கச் சம்மதித்துவிட்டது. அப்படியென்றால் எல்லாம் சரிதானே?

வங்கி வக்கீல் பார்ப்பது உரிமை மூலத்தை. உங்கள் சம்பளம் அடமானத்தைவிடப் பெரிய பாதுகாப்பு என்று வங்கிக்குத் தெரியும். வீடு இடிந்தாலும் தவணை நிற்காது.

காப்பீட்டுக்கு 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பொதுப் பாலிசி புயல், வெள்ளம், சுனாமி வரை ஏற்கிறது. மெதுவாகப் பிடிக்கும் துருவை ஏற்காது.

முன்பணம் எவ்வளவு, ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

ரெராவில் பதிந்த திட்டமென்றால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 விழுக்காட்டுக்கு மேல் கேட்கவே முடியாது. மறுவிற்பனை வீட்டுக்கு நீங்களே அந்த வரம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் இப்படி ஒரு நிபந்தனை வரட்டும்: 'மேற்படி உட்பிரிவு கடலோர மண்டலத் தடைப் பகுதிக்கு வெளியே உள்ளது என்று அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் 1:4,000 வரைபடம் கிடைத்த பிறகே மீதித் தொகை தரப்படும். தடைப் பகுதிக்குள் எனத் தெரிந்தால் முன்பணம் முழுவதும் 30 நாளில் திருப்பித் தரப்படும்.' இதில் கையெழுத்துப் போட விற்பவர் தயங்கினால் காரணம் கேட்கத் தேவையில்லை.

முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2023-இல் 4-இலிருந்து 2 ஆனது. விலை 50 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் என்றால் 1 விழுக்காடு வரி பிடித்து நீங்களே கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் விகிதமும் நடைமுறையும் வேறு, ஆடிட்டரைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பில்டரிடம் வாங்கும் வீட்டுக்கு ரெரா சட்டப்படி கட்டமைப்புக் குறைக்கு 5 ஆண்டு பொறுப்பு உண்டு. கடலோரத்தில் மோசமான கவர் தன்னைக் காட்ட அதைவிடச் சற்று அதிக நாள் எடுக்கும் என்பதால், நாலாவது ஆண்டு முடிவில் ஒரு பொறியாளரை வைத்துச் சோதித்து, குறை இருந்தால் எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

வாரக்கடைசிக்கு மட்டும் போவோம். பூட்டிவைத்தால் வீடு கெடுமா?

குடியிருக்கும் வீட்டைவிடச் சீக்கிரம் கெடும். ஜன்னல் கீல், பூட்டு, மெயின் போர்டு, மோட்டார் ஸ்டார்ட்டர் நான்கும் முதலில் போகும். பூட்டுக்கு கிரீஸ் போட்டு, மீட்டர் பெட்டியைக் கடல் பக்கம் வைக்காமல், கழிவறை வென்டிலேட்டரைத் திறந்த வலையோடு விட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது வந்து மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கடல் பக்கத்து ஜன்னல் சட்டங்களை நல்ல தண்ணீரில் துடைத்துவிட்டுப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். மாதச் சம்பளத்துக்கு வாட்ச்மேன் வைக்கும் செலவையும் வாங்கும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.